டேப்பு வளையத்தில் ஒரு வளைகாப்பு

செண்பகத்தின் உள்ளங்கையில் வேர்வை வராது. சித்திரை வெயிலில் களத்து மேட்டில் நின்று நாள் முழுக்க நெல் தூற்றினாலும் அவள் கை சுட்ட ஓடு மாதிரி காய்ந்துதான் கிடக்கும். இது ஏதோ வியாதி என்று பயந்து அவள் அம்மா பொன்னேரி ஆஸ்பத்திரி வரைக்கும் இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் பார்த்துவிட்டு, கை நன்றாகத்தான் இருக்கிறது, வாயைத்தான் கொஞ்சம் குறைக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். அந்தக் கைதான் அவளுக்குக் கம்பெனி வேலை வாங்கிக் கொடுத்தது.

எமர்ஜென்சிக்கு முந்தின வருஷம் அது. கவரைப்பேட்டைப் பக்கம் ஒரு ஒயர் கம்பெனி வந்திருந்தது. அதன் கேட்டுக்கு எதிரே நான் இட்லி விற்றுக்கொண்டிருந்தேன். என் பெயர் மணியம்மாள். செண்பகத்துக்குப் பக்கத்து வீடு. எனக்குப் படிப்பு கிடையாது, அவளுக்கும் கிடையாது. என் புருஷன் கோபால் அப்போது உயிரோடு இருந்தார். இருந்து பெரிதாக ஒன்றும் கிழித்துவிடவில்லை, அதனால் அவரை இதோடு விட்டுவிடலாம். உடம்பைப் பொறுத்தவரை நான் அன்றைக்கே ரெண்டு ஆள். இது கதைக்கு வேண்டிய சங்கதி, அதனால் சொல்கிறேன்.

ஒருநாள் காலையில் கம்பெனியிலிருந்து பாஷ்யம் என்று ஒருத்தர் வெளியே வந்தார். திருவள்ளூர்க்காரர், ஐயங்கார், நெற்றி நிறைய நாமம். வேலை கேட்டு வந்த பொம்பளைகளை வரிசையாக வெயிலில் நிறுத்தி, ஆளுக்கு ஒரு நியூஸ் பேப்பர் தாளைக் கையில் கொடுத்தார்.

"இன்னா ஐயரே, படிக்கணுமா? எங்களுக்குப் படிக்கத் தெரியாதே" என்றாள் செண்பகம்.

"நான் ஐயர் இல்லைம்மா, ஐயங்கார். படிக்க வேண்டாம். சும்மா அழுத்திப் பிடிச்சுண்டு நில்லு."

"சும்மா நிக்கறதுக்கா கூலி குடுக்கறீங்க? அப்போ நானும் வர்றேன்" என்று நான் இட்லித் தட்டோடு குரல் கொடுத்தேன். அவர் என் சுற்றளவைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கொஞ்ச நேரம் கழித்து எல்லாரையும் கையை விரிக்கச் சொன்னார். அத்தனை கையிலும் பேப்பர் மை ஒட்டிக் கரிச்சட்டி மாதிரி இருந்தது. செண்பகம் கையில் மட்டும் ஒரு பொட்டு மை இல்லை. "நீ உள்ளே வாம்மா" என்றார். அவ்வளவுதான் இன்டர்வியூ.

உள்ளே இருந்தது டேப்பு ரூம். கம்பெனிக்கு மெட்ராஸில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. சம்பளம், சரக்கு, ஆளுக்கு ஆள் பிடித்து வைத்த வைப்பு நிதி என்று எல்லாக் கணக்கையும் அது காந்த டேப்பில் எழுதும். டேப்பு என்றால் பழுப்பு நிறத்தில் ஒரு நீள நாடா. சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு சக்கரத்தில் சுற்றி, மூடி போட்ட டப்பாவில் இருக்கும். மெட்ராஸ் ஆபீஸில் தீப்பிடித்தால் எல்லாம் போய்விடும் அல்லவா? அதனால் ஒவ்வொன்றுக்கும் இன்னொரு நகல் எடுத்து, வேன் வைத்து நம் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். அதைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்வதுதான் செண்பகம் வேலை.

அதற்கு ஏசி போட்ட அறை. கம்பெனி மொத்தமும் அந்த ஏசிக்காகப் பைத்தியம் பிடித்து அலைந்தது. மத்தியானச் சாப்பாட்டு வேளையில் ஆம்பளைகள் எல்லாம் அந்தக் கதவுக்கு வெளியே தரையில் படுத்து, கீழ் இடுக்கில் வருகிற குளிர் காற்றை முகத்தில் வாங்கிக்கொள்வார்கள். ஒருநாள் இடுக்கில் மூக்கை வைத்த ஒருத்தன், உள்ளேயிருந்து செண்பகம் துடைப்பத்தால் ஒன்று போட்டதும் வாங்கிக்கொண்டு அலறினான்.

நானும் ஒருநாள் இட்லி கொடுக்கிற சாக்கில் உள்ளே புகுந்துவிட்டேன். கையில் வெள்ளைத் துணி உறை மாட்டிக்கொண்டு நின்றாள் மகராசி.

"இன்னாடி இது, துரைசானி மாதிரி? குதிரை எங்க கட்டி வச்சுக்கீறே?"

"கிட்ட வராதடி. உன் கையில எண்ணெ."

டப்பாவைத் திறந்து, சக்கரத்தை நடுக் குழியில் பிடித்துத் தூக்கினாள். ஓரத்தைப் பிடித்து அமுக்கினால் நாடாவின் விளிம்பு நசுங்குமாம். ஒரு பக்கமாக விளக்கைப் பிடித்து, சுற்று சமமாக இருக்கிறதா, நடுவில் ஏதாவது தூக்கிக்கொண்டோ மடங்கியோ இருக்கிறதா என்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். நறுக்கின முள்ளங்கி மாதிரி வழவழவென்று தெரிந்தால் நல்ல டேப்பு. பழுப்புத் தூள் உதிர்ந்தால் கெட்டுப்போகிறது என்று அர்த்தம், ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்துத் தனியே வைக்க வேண்டும். ரொம்ப நாள் அசையாமல் கிடந்ததை ஒரு கைச்சக்கரத்தில் மாட்டி மெதுவாக முன்னும் பின்னும் ஓட்டி வைப்பாள். இல்லாவிட்டால் நாடா மேல் நாடா ஒட்டிக்கொள்ளுமாம். அப்புறம் அலமாரியில் நிற்க வைப்பாள். படுக்கப் போடவே கூடாது.

"மாமியாருக்குக் கூட நான் இவ்ளோ பாக்கலடி" என்றாள்.

பாஷ்யம் அந்த அறையைப் பெருமாள் சன்னதி மாதிரி வைத்திருந்தார். செருப்புக் கூடாது. வெற்றிலை கூடாது. பவுடர் கூடாது. தலையில் பூ கூடாது, மகரந்தம் கொட்டுமாம். பூ வைக்காமல் இருப்பது செண்பகத்துக்கு உயிரை எடுக்கிற மாதிரி. மல்லிச் சரத்தை என் இட்லிக் கடைத் தூணில் மாட்டிவிட்டுப் போவாள், சாயங்காலம் வந்து வாடினதை வைத்துக்கொள்வாள். ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டாள்.

"ஐயரே, என் பூவுல இருந்து கொட்டுதுன்றீங்களே, உங்க நெத்தில இருந்து கொட்றது இன்னா? தோ பாருங்க, டப்பா மேல வெள்ளையா."

அவர் டப்பாவைப் பார்த்தார். நாமத்தைத் தொட்டுப் பார்த்தார். மறுநாளிலிருந்து உள்ளே வரும்போதெல்லாம் நெற்றியைச் சுற்றி ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு வந்தார். பார்க்கிறவர்கள் எல்லாம் "இன்னா சாமி, தலவலியா?" என்று கேட்டுக் கேட்டு அவருக்கு நிஜமாகவே தலைவலி வந்தது.

இனி அந்த வளையம். ஒவ்வொரு சக்கரத்தின் முதுகிலும் வட்டமாக ஒரு பள்ளம் இருக்கும். அதில் மஞ்சள் நிறப் பிளாஸ்டிக்கில் ஒரு வளையம் பொருந்தி உட்கார்ந்திருக்கும். ரிங்கு என்பார்கள்.

"அது இருந்தாத்தான் மெஷின் அந்த டேப்பிலே எழுதும். எழுதி முடிச்சதும் கழட்டித் தனியா வைக்கணும்னு மெட்ராஸ்லே சொல்றான். தனியா வெச்சா தொலைஞ்சு போறது. அது ஃபாரின்லேர்ந்து வர்ற சாமான். ஒண்ணு தொலைஞ்சாலும் என்னைத் தொலைச்சுடுவான். அதனாலே அதது இருக்கற எடத்துலேயே இருக்கட்டும்" என்று பாஷ்யம் எல்லா டேப்பிலும் ரிங்கை மாட்டியே வைத்துவிட்டார்.

செண்பகத்துக்கு அப்போது ஒரே ஒரு ஆசைதான். பர்மனென்ட் ஆவது. அவள் தினக்கூலியில் இருந்தாள். இன்றைக்கு வா என்றால் வரலாம், நாளைக்கு வராதே என்றால் பக்கத்து ஆரணியில் சேற்றில் இறங்கி நாற்று நடத்தான் போக வேண்டும். "நான் மறுக்கா அட்டைக்கு ரத்தம் குடுக்க மாட்டேன்டி. பர்மனென்ட் ஆயிட்டா சாவுற வரிக்கும் ஏசிதான்" என்பாள். மெட்ராஸிலிருந்து துளசிராமன் என்ற ஆபீசர் ஒரு திங்கட்கிழமை வந்து அறையைச் சோதிக்கப் போவதாகத் தகவல் வந்தது. எல்லாம் சரியாக இருந்தால் செண்பகத்தைப் பர்மனென்ட் ஆக்கலாம் என்று அவர் கையெழுத்துப் போடுவார். அவள் ஒவ்வொரு டப்பாவையும் குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி துடைத்தாள்.

அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் எனக்கு வளைகாப்பு.

மாசமான பிறகு நான் ரெண்டு ஆளிலிருந்து மூன்று ஆள் ஆகியிருந்தேன். கையெல்லாம் ஊதிப் பூசணிக்காய். ஆரணியிலிருந்து வந்த வளையல்காரர் என் கையைப் பார்த்ததும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். இருப்பதிலேயே பெரிய கண்ணாடி வளையலை எடுத்து, எண்ணெய் தடவி, என் விரலை எல்லாம் சேர்த்து நசுக்கி ஏற்றினார். கட்டை விரல் முட்டி வரைக்கும் வந்தது. அங்கே படீர் என்று உடைந்தது.

வளைகாப்பில் வளையல் உடைந்தால் பொம்பளைகள் சும்மா இருப்பார்களா? என் மாமியார் சின்னப்பொண்ணு தலையில் அடித்துக்கொண்டாள்.

"அய்யோ, மொத வளையே ஒடஞ்சி பூட்ச்சே! இன்னொண்ணு போடு நைனா!"

அடுத்ததும் உடைந்தது. அதற்கடுத்தது என் கைக்கு வரும் முன்பே, வளையல்காரர் கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்து உடைந்தது.

"இது கையா, ஒலக்கையா? என்னால ஆவாதும்மா" என்று அவர் பெட்டியை மூடிவிட்டார்.

"வெறுங்கையோட எழுந்தா புள்ளைக்கு ஆவாது. வளையல் ஏர்ற வரிக்கும் இவ மணையை உட்டு எழுந்திரிக்கக் கூடாது" என்று மாமியார் தீர்ப்புச் சொன்னாள்.

எனக்கோ மூத்திரம் முட்டிக்கொண்டு வந்தது. மாசமானவளுக்கு அது தெரியும். "அத்தே, நான் எழுந்துக்கலன்னா இங்கயே வெள்ளம் வந்துடும்" என்றேன். கூடியிருந்த பொம்பளைகள் சிரிக்கிறார்கள், மாமியார் அழுகிறாள், நான் காலைப் பின்னிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். செண்பகம் எழுந்தாள். என் கையைத் தூக்கிச் சுற்றளவைத் தன் விரலால் அளந்து பார்த்தாள்.

"அடக்கிக்கினு இருடி. தோ வந்துட்றேன்" என்று ஓடினாள்.

கம்பெனி கேட்டில் ஆசீர்வாதம் வாட்ச்மேன் இருந்தார். பிற்பாடு அவரே சொன்னது இது.

"ஞாயித்துக்கெழம உனக்கு இங்க இன்னா வேல? நானே கோயிலுக்குப் போவாம காவலுக்கு நிக்கிறேன்."

"டேப்புக்கு மூச்சு முட்டுதா பாத்துட்டு வரச் சொன்னாரு ஐயரு."

"டேப்பு மூச்சு வுடுமா?"

"உள்ள வந்து கேட்டுப் பாரேன். பாவம் பண்ணவங்களுக்குக் கேக்காது."

ஆசீர்வாதம் உள்ளே வரவில்லை. சாவி அவளிடம்தான் இருக்கும். யாரும் சீந்தாத பழைய டேப்பு இருக்கிற அலமாரியைத் திறந்து, ஒவ்வொரு சக்கரமாகத் திருப்பி, மஞ்சள் ரிங்கைக் கழற்றிக் கழற்றி முந்தானையில் போட்டுக்கொண்டாள். சக்கரத்தைத் திரும்ப டப்பாவில் வைத்து, மூடி, நேராக நிற்க வைத்துவிட்டுத்தான் வந்தாள். அதில் குறை சொல்ல முடியாது. ராத்திரிக்குள் திரும்ப வாங்கி, காலையில் ஆபீசர் வரும் முன் மாட்டிவிடலாம் என்று அவள் கணக்கு.

முந்தானையை அவிழ்த்து மணை முன்னால் கொட்டினாள். ஒன்றை எடுத்து என் கையில் போட்டதுதான் தாமதம், வழுக்கிக்கொண்டு மணிக்கட்டைத் தாண்டி மேலே ஏறி முழங்கைக்குக் கீழே கச்சிதமாக உட்கார்ந்தது.

"மஞ்சக் கலரு அத்தே, மங்களமா கீது. உடையவும் உடையாது" என்றாள் செண்பகம்.

மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு தட்டிப் பார்த்தாள். "சத்தம் வர்லியேடி. கண்ணாடின்னா கலகலன்னு புள்ளைக்குக் கேக்கும்."

"இதுவும் கேக்கும். டக்கு டக்குனு. யாரோ கதவத் தட்றாங்கன்னு நெனச்சி சீக்கிரம் வெளிய வந்துடும்."

அவ்வளவுதான். வீடே எழுந்து ஆடியது. என் ரெண்டு கையிலும் அடுக்கினார்கள். நான் கையைத் தட்ட, டக்கு டக்கு டக்கு என்று சத்தம் வர, கிழவிகள் எல்லாம் நலங்குப் பாட்டை அந்தத் தாளத்துக்கு மாற்றிப் பாடினார்கள். நான் மணையை விட்டு எழுந்து கொல்லைப் பக்கம் ஓடின ஓட்டத்தில் தாளம் தெருக்கோடி வரைக்கும் கேட்டதாம். திரும்பி வந்து பார்த்தால், வளைகாப்புக்கு வந்த சுமங்கலிகளுக்கு வளையல் போட்டு அனுப்புவது வழக்கம் இல்லையா, மாமியார் மிச்ச ரிங்கை எல்லாம் வெற்றிலைப் பாக்கோடு வைத்துக் கொடுத்து அனுப்பிவிட்டாள். ஒருத்தி பொன்னேரி, ஒருத்தி ஆரணி, ஒருத்தி ரயிலேறி எளாவூர்.

செண்பகம் பாயசத்தைக் குடித்து முடித்துவிட்டு வந்தாள்.

"மணி, கையக் குடுடி."

"எதுக்கு?"

"கழட்டத்தான். காலைல அந்தாளு வர்றாருல்ல."

மாமியார் அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்தாள். "எத்தக் கழட்டுவே? வளைகாப்புல போட்டத புள்ள பொறக்கற வரிக்கும் கழட்டக் கூடாதுன்னு உனக்குத் தெரியாது? நீ இந்த ஊருதானே?"

செண்பகம் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நிஜமாகவே அவளுக்கு அது தோன்றவில்லை. வளையல் ஏற வேண்டும் என்று யோசித்த மூளை, இறங்க வேண்டும் என்று யோசிக்கவில்லை. எந்தக் கர்ப்பிணி கையைப் பார்த்தாலும் தெரிகிற சங்கதி, இவளுக்கு அன்றைக்கு ஏசியில் உறைந்துபோயிற்று.

"அத்தே, இது மெய்யான வளையல் இல்ல, கம்பெனி ரிங்கு."

"புள்ளைக்கு இன்னா தெரியும் அது கம்பெனியா, கடையான்னு? ஏறுச்சா, வளையல்தான். கம்முனு போ."

திங்கட்கிழமை துளசிராமன் வந்தார். கறுப்புக் கண்ணாடி, தெருவைப் பெருக்குகிற மாதிரி கால்சட்டை. நான் முந்தானையால் ரெண்டு கையையும் மூடிக்கொண்டு இட்லி ஊற்றினேன். மறைத்து என்ன செய்ய, கரண்டியைத் திருப்பும்போதெல்லாம் டக்கு டக்கு.

உள்ளே அவர் சட்டைப்பையிலிருந்து டார்ச்சு எடுத்து டேப்பு டேப்பாகப் பார்த்தாராம். "குட். வெரி குட். எட்ஜெல்லாம் எவ்ளோ க்ளீனா இருக்கு! யார் மெயின்டெய்ன் பண்றது?" என்று கேட்டாராம். அவர் சக்கரத்தின் முகத்தைத்தான் பார்த்தார், முதுகைத் திருப்பவில்லை. பழைய அலமாரியிலிருந்து நாலைந்து டப்பாவை எடுத்துக்கொண்டார். மெட்ராஸில் மெஷினில் போட்டுப் படித்துப் பார்த்து, சரியாகப் படித்தால் பர்மனென்டுக்கு எழுதிவிடுவதாகச் சொல்லிவிட்டு வேனில் ஏறினார்.

வேன் போனதும் பாஷ்யம் மீதி டப்பாவை அடுக்கப் போனவர், ஒரு சக்கரத்தைத் திருப்பிவிட்டார். அடுத்ததைத் திருப்பினார். நெற்றித் துண்டு அவிழ்ந்து தரையில் விழுந்தது.

"செண்பகம். ரிங்கெல்லாம் எங்கே?"

"மணி கையில கீது சாமி."

"எந்த மணி?"

"இட்லிக் கடை மணி."

அந்த மனுஷன் செருப்புக்கூடப் போடாமல் என் கடைக்கு ஓடிவந்தார். நான் முந்தானையை விலக்கிக் காட்டினேன். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் கம்பெனி சொத்து.

"அபசாரம்! கழட்டும்மா, கழட்டு."

கூட இருந்த என் மாமியார் இடுப்பில் கை வைத்தாள். "சாமி, நீங்க நாமம் போட்டவரு. வளைகாப்பு வளையலக் கழட்டலாமா? நீங்களே சொல்லுங்க. கழட்டலாம்னு உங்க வாயால சொல்லுங்க, நான் கழட்டித் தர்றேன்."

பாஷ்யம் வானத்தைப் பார்த்தார். கம்பெனியைப் பார்த்தார். என் வயிற்றைப் பார்த்தார். "சாஸ்திரப்படி கழட்டப்படாதுதான்" என்று முனகிவிட்டு, திரும்பிப் போகும்போது ஒரு இட்லி வாங்கித் தின்றார். வெளியே கை நனைக்காத ஆசாரக்காரர், என்ன தின்கிறோம் என்று அவருக்கே தெரியவில்லை.

புதன்கிழமை காலையில் துளசிராமன் சொல்லாமல் கொள்ளாமல் ஜீப்பில் வந்து இறங்கினார். இறங்கும்போதே கத்தல்.

"டேப்லேருந்து ரிங்கை எடுத்தது யாரு? எனக்கு அந்த ஆளைப் பாக்கணும்!"

செண்பகம் என் கடைக்குப் பின்னால் விறகு அடுக்கில் ஒளிந்துகொண்டாள். பாஷ்யம் வேட்டியைச் சரி செய்துகொண்டு முன்னால் வந்தார். அவர் முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. ஆனாலும் சொன்னார் பாருங்கள்.

"நான்தான் சார் எடுத்தேன். அந்தப் பொண்ணுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை."

துளசிராமன் அவர் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கு என்று குலுக்கினார்.

"மிஸ்டர் பாஷ்யம், யூ ஸேவ்ட் அஸ்! நான் கொண்டுபோன டேப்பை டேபிள்லே வெச்சிருந்தேன். ஒரு முட்டாள் ஆபரேட்டர், அது காலி டேப்னு நெனச்சு மெஷின்லே மாட்டி, மேலே எழுதப் பட்டனை அமுக்கிட்டான். ரிங் இருந்திருந்தா எல்லாம் அழிஞ்சிருக்கும். ரிங் இல்லாததாலே மெஷின் எழுத மாட்டேன்னு நின்னுடுத்து. அது யாரோட கணக்கு தெரியுமா? இந்த ஃபேக்டரி ஆளுங்க அத்தனை பேரோட வைப்பு நிதி! அங்கே இருந்த ஒரிஜினல் டேப் போன மாசமே கசங்கிப் போச்சு. இது ஒண்ணுதான் மிச்சம். நாங்க எவ்ளோ சொல்லியும் எவனும் ரிங்கைக் கழட்டி வெக்க மாட்டான். நீங்க ஒருத்தர்தான் ரூல்படி செஞ்சிருக்கீங்க. ப்ரமோஷனுக்கு எழுதறேன்!"

பாஷ்யம் தலையை ஆட்டினாரா, தலை தானாக ஆடியதா என்று தெரியவில்லை. விறகு சரிந்தது. செண்பகம் தலையெல்லாம் சிராய்த்தூளோடு எழுந்து வந்தாள்.

"சார், பொய்யி! எட்த்தது நானு! ஒவ்வொண்ணா என் கையால கழட்னேன். திட்டுன்னா எனக்கு, கை குலுக்கறது அவுருக்கா?"

"செண்பகம், சும்மா இரும்மா" என்று பாஷ்யம் பல்லைக் கடித்தார்.

"நீங்க சும்மா இருங்க சாமி. நல்ல மனசுதான், இல்லன்னு சொல்லல. ஆனா பர்மனென்டு எனக்குத்தான் வேணும்."

துளசிராமன் கண்ணாடியைக் கழற்றினார். "நீயா? நீ ஏன் கழட்டினே?"

அவள் வாயைத் திறக்கும் முன் நான் சட்னி ஊற்றக் கையை நீட்டிவிட்டேன். டக்கு டக்கு டக்கு. துளசிராமன் என் கையைப் பார்த்தார். கிட்டே வந்து பார்த்தார். குனிந்து ஒரு ரிங்கின் மேல் பொறித்திருந்த எழுத்தைப் படித்தார்.

"திஸ் இஸ் அவர் ரிங்."

"வளைகாப்பு சார். இவ கைக்கு ஊர்ல ஒரு வளையலும் ஏறல. மூத்திரம் வேற முட்டுது இவளுக்கு. நான் இன்னா பண்ணுவேன்?" என்றாள் செண்பகம்.

அந்த ஆள் ஜீப்பின் மேல் கையை ஊன்றிக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்றுதான் நாங்கள் நினைத்தோம். நிமிர்ந்தபோது கண்ணில் தண்ணீர், ஆனால் வாய் சிரித்துக்கொண்டிருந்தது. அப்புறம் தான் ஒரு ஆபீசர் என்பது ஞாபகம் வந்து முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டார்.

"இனிமே ரிங் தனி டப்பாவிலே பூட்டி இருக்கணும். எழுதும்போது மட்டும் மாட்டணும். அது சரி. ஆனா கம்பெனி பொருளை எடுத்தது தப்பு. ஒரு ரிங் விடாம எல்லாம் திரும்பி வரட்டும். வந்த அன்னிக்குப் பர்மனென்ட் ஆர்டர். ஒண்ணு குறைஞ்சாலும் வேலை கிடையாது." மாமியாரிடம் திரும்பினார். "இதெல்லாம் எப்போம்மா வரும்?"

"புள்ள பொறந்தா வரும்."

"எப்போ பொறக்கும்?"

"அத உள்ள கீறவனத்தான் கேக்கணும்" என்றாள் மாமியார்.

அன்றையிலிருந்து செண்பகத்தின் வேலை என் வயிற்றில் மாட்டிக்கொண்டது. முதலில் அவள் விருந்தாளிகளுக்குக் கொடுத்ததைத் தேடி அலைந்தாள். பொன்னேரியில் ஒருத்தி அதன் மேல் தண்ணீர்க் குடத்தை உட்கார வைத்திருந்தாள். ஆரணியில் ஒன்று ஆட்டுக்குட்டி கழுத்தில் இருந்தது. அந்த ஆட்டை மடக்கிப் பிடிக்க வரப்பில் உருண்டு, சேறும் சகதியுமாகப் பஸ்ஸில் ஏறி வந்தாள். எளாவூர்க்காரி மட்டும், வளைகாப்பில் வாங்கினதைத் திருப்பிக் கொடுத்தால் தன் மகளுக்குக் குழந்தை தங்காது என்று அழுதாள். செண்பகம் தன் கையில் இருந்த கண்ணாடி வளையல் அத்தனையும் கழற்றி அவளுக்குப் போட்டுவிட்டு அதை வாங்கி வந்தாள்.

மிச்சம் என் கையில்.

காலையில் கண் விழித்தால் செண்பகம் நிற்பாள். "வலி வந்துச்சாடி?" கடைக்குப் போனால் ஆசீர்வாதம், "ஆண்டவர் கிட்ட சொல்லிக்கீறேன்மா, ஆச்சா?" என்பார். பாஷ்யம் ரயிலிலிருந்து இறங்கி நேராக வந்து, "என்னம்மா, ஒண்ணும் விசேஷம் இல்லையே?" என்பார். மெட்ராஸிலிருந்து போன் வந்து, அவர் ஓடிப்போய் "இன்னும் ஆகலை சார்" என்று கத்துவது ரோடு வரைக்கும் கேட்கும். கம்பெனியில் ஷிப்டு விட்டு வருகிற ஆம்பளைகள் எல்லாம் என் வயிற்றைப் பார்த்துவிட்டுத்தான் சைக்கிளில் ஏறுவார்கள். அவர்கள் வைப்பு நிதியைக் காப்பாற்றின ரிங்கு அல்லவா? மானம் போகிறது என்று நான் திட்டினால், "ஒரு இட்லி வைக்கா, கோச்சிக்காதே" என்பார்கள். அந்த மாதத்தில் விற்ற மாதிரி நான் எப்போதுமே இட்லி விற்றதில்லை.

செண்பகம் என்னைக் கவரைப்பேட்டை ரயில்வே பிளாட்பாரத்தில் மேலும் கீழும் நடக்க வைத்தாள். "நடடி, நடந்தாத்தான் எறங்கும்." ஒருநாள் விளக்கெண்ணெயைக் காபியில் கலந்து கொண்டுவந்தாள். மாமியார் மோந்து பார்த்துவிட்டு டம்ளரோடு அவளைத் தெருமுனை வரைக்கும் துரத்தினாள்.

வலி ஒரு மத்தியானம் வந்தது, இட்லி மாவு கரைத்துக்கொண்டிருந்தபோது. ஆரோக்கியமேரி நர்ஸைக் கூட்டிக்கொண்டு வந்ததே செண்பகம்தான். சோப்பும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு என் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டாள். நான் ஒருபக்கம் அலறுகிறேன், இவள் ஒருபக்கம் என் முழங்கையில் சோப்புப் போடுகிறாள்.

"ஏய், இன்னும் தலையே வெளிய வர்லடி, அதுக்குள்ள இன்னா அவசரம்?" என்று மாமியார் அவள் கையைத் தட்டிவிட்டாள்.

"சோப்பு ஊறணும் அத்தே!"

"ரெண்டு பேரும் வாய மூடுங்க. மணி, நீ மட்டும் கத்து" என்றாள் ஆரோக்கியமேரி.

கத்தினேன். குழந்தையும் கத்தியது. அது கத்தி வாய் மூடும் முன், வலது கையில் ஒன்று, இடது கையில் ஒன்று என்று செண்பகம் உருவ ஆரம்பித்தாள். கடைசி ரிங்கு முழங்கையில் சிக்கிக்கொண்டது. காலை என் கட்டிலில் உதைத்துக்கொண்டு இழுத்தாள். பிள்ளை பெற்ற வலியைவிட அது பெரிய வலி, சத்தியமாகச் சொல்கிறேன். பிய்த்துக்கொண்டு வந்ததும் அத்தனையையும் தன் கையில் தோள் வரைக்கும் மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்டி ஓடினாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"அடியே, ஆணா பொண்ணான்னு கூடக் கேக்காம போறா பாரு!" என்று மாமியார் கத்தினாள்.

பொழுது சாய்வதற்குள் வாசலில் கம்பெனி ஜீப்பு வந்து நின்றது. டிரைவர் பக்கத்து சீட்டில் செண்பகம், தலை நிறைய பூ. பின்சீட்டில் பாஷ்யம், மடியில் பழத்தட்டு. அவள் கையில் ஒரு தாள், துளசிராமன் முன்னமே கையெழுத்துப் போட்டு பாஷ்யத்திடம் கொடுத்து வைத்திருந்தது. இறங்கினவள் நேராக உள்ளே வந்து என் பக்கத்தில் படுத்துக்கொண்டிருந்த குழந்தையின் முகத்துக்கு நேரே அந்தத் தாளை நீட்டினாள்.

"பாத்துக்கடா ராசா. பர்மனென்டு."

"ராசா இல்லடி, ராணி" என்றேன்.

"எதுவா இருந்தா இன்னா. நல்ல நேரத்துல பொறந்துச்சு" என்று அந்தத் தாளை மடித்து ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு, குழந்தையைத் தூக்கி, ரெண்டு உள்ளங்கையிலும் ஏந்தி, விளக்குப் பக்கம் ஒரு சாய்வாய்ப் பிடித்துக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"ஓரமெல்லாம் நல்லா கீதுடி" என்றாள்.